இழுத்த காற்று எங்கே போகிறது

எங்கள் பட்டறையில் கருங்கல்லை உலர்வாகவே அறுப்போம். தண்ணீர் விட்டால் குறித்த கோடு மறையும். கை நடுங்குகிறவன்தான் தண்ணீர் விடுவான் என்பார் அப்பா. அப்படிப் பெயர் எடுத்த பட்டறைமேல் மண்ணை அள்ளிப் போட்டான் என் தம்பி. படி ஏறினால் அவனுக்கு இளைக்கிறதாம். பட்டறைத் தூசிதான் காரணமாம். அவன் மனைவி அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"ஒரே தூசியத்தானடா ரெண்டு பேரும் தின்னோம்? மூச்சுச் சோதனைக்கு வா, நானும் ஊதுறேன்" என்று மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். அவனுக்கு ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கினால் அவன் மனைவியின் வாய் அடையும்.

சோதனை செய்யும் பெண் என் மூக்கில் கிளிப் மாட்டினாள். ஊதினேன். திரையில் கோடு ஜிவ்வென்று ஏறியது.

"பாத்தியாடா? நெஞ்சுன்னா இது!"

"பலூன் விக்கவா வந்தோம், அண்ணே? இன்னொண்ணு பாக்கி இருக்காம்."

எங்கள் இருவரையும் ஏதோ வாயுவை இழுத்துப் பத்து விநாடி அடக்கி விடச் சொன்னாள். ஒரு முறையல்ல, மூன்று முறை. எனக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியில் தாளை நீட்டினாள்: தம்பிக்கு எழுபது, எனக்கு ஐம்பத்தைந்து.

"நூத்துக்கா? மெஷின் கெட்டுப் போச்சும்மா."

"மெஷின் சரியாத்தான் இருக்கு, ஐயா. இழுத்த காத்து ரத்தத்துக்கு எவ்வளவு போகுதுங்கற கணக்கு இது. நுரையீரல் ஒத்தப் பை இல்ல. குழாய் கிளை கிளையாப் பிரிஞ்சு, நுனியில கோடிக்கணக்கா குட்டிப் பைங்க. விரிச்சா ஒரு வீட்டுத் தரையே மூடிடும். ஒவ்வொண்ணையும் சுத்தி ரத்தம் ஓடுது. நடுவுல இருக்கற சுவர் முடியவிட நூறு மடங்கு மெல்லிசு. அதத் தாண்டித்தான் பிராணவாயு ரத்தத்துக்குப் போகுது, கரியமில வாயு வெளிய வருது. சுவர் தடிச்சுட்டா, எவ்வளவு இழுத்தாலும் காத்து வாசல்லயே நிக்கும். எதனாலன்னு டாக்டர் படம் எடுத்துப் பாத்துச் சொல்வார்."

"எனக்குத்தான் இளைப்பே இல்லையே!"

"நீங்க எங்கண்ணே மாடி ஏறுறீங்க? எல்லாரையும் கீழ கூப்பிட்டுல்ல திட்டுறீங்க" என்றான் தம்பி.

அவனை அங்கேயே அறைந்திருப்பேன். ஆனால் அவன் சொன்னது உண்மை. இரண்டு வருடமாக நான் மாடிப் பக்கமே போகவில்லை.

"போதும், சிரிக்காத. நாளையிலேர்ந்து தண்ணி விட்டு அறுங்கன்னு ஆளுங்ககிட்ட சொல்லு."

"வீட்ல என்ன சொல்றது?"

இரண்டு தாள்களையும் அவன் கையில் திணித்தேன்.

"என்னுதை மொதல்ல படி. உன் பொண்டாட்டி கேக்கறாப்ல, சத்தமாப் படி. நான் வாசல்லயே நிக்கிறேன்."