சுவரொட்டிக்கு மொரோக்கோ கொடி

எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி நாகசுப்பிரமணியன் ஒன்பது நாடுகள் சுற்றி வந்தவர். அதை மறக்க அவர் எங்களை விட்டதே இல்லை. பாரீசில் நத்தை, பாங்காக்கில் தேள், நார்வேயில் ஆட்டுத்தலை என்று வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு படம் போடுவார். அப்படிப்பட்ட மனிதர்தான், வாசலில் நிற்கும் பாண்டிமீனாவின் தள்ளுவண்டியிலிருந்து வரும் குடல் வாடை திருநகருக்கே அசிங்கம் என்று தீர்மானம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நாங்கள் கை தூக்கிவிட்டால் வண்டி போய்விடும். பதினோரு வருஷமாக அதே வேப்பமரத்தடியில் நிற்கிற வண்டி. பஸ் ஸ்டாப் பக்கம் ஏற்கெனவே நாலு கடை இருப்பதால் அவளுக்குப் போக வேறு இடமும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டத்துக்கு முன்னால் அன்று மதியமே ‘உலக உணவுத் திருவிழா’ என்று ஒன்றையும் அவர் ஏற்பாடு செய்திருந்தார். மேஜைக்கு ஒரு வீடு. வைக்கிற பண்டம் திருநகரில் யாரும் கண்டிராததாக இருக்க வேண்டும். நடுவர் அவரேதான். பரிமாறுகிறவர்கள் தொப்பி, மாஸ்க், கையுறை போட வேண்டும் என்பதும் அவர் வைத்த விதி. அதைப் படித்ததுமே எனக்கு யோசனை வந்துவிட்டது.

போனில் தேடிப் பார்த்தேன். துருக்கியில் தெருவுக்குத் தெரு ஆட்டுக்குடல். ஸ்பெயினில் ரத்தம். மொரோக்கோவில் மண்ணீரல், அதாவது நம்ம சுவரொட்டி. உலகம் பூராவும் பாண்டிமீனாதான் வண்டி போட்டிருக்கிறாள் போலிருந்தது. அவளைக் கூப்பிட்டுச் சொன்னபோது, பொய் சொல்லி மாட்டிக்கொள்வோமே என்று பயந்தாள். இதில் பொய்யே இல்லை, அவர்கள் தின்கிறதைத்தான் நீ சமைக்கிறாய், கொடியை மட்டும் நான் குத்துகிறேன் என்றேன். செக்ரட்டரி வாயாலேயே பிரமாதம் என்று சொல்லவைத்துவிட்டு, கூட்டத்தில் அவள் மாஸ்க்கைக் கழற்றுவது என்பது திட்டம்.

ஞாயிறு மதியம் அவர் ஸ்பூனும் கையுமாகக் கிளம்பினார். கூடவே அவர் மனைவி கனகலட்சுமி அக்கா. செக்ரட்டரிக்குக் கொலஸ்ட்ரால் ஏறி, ஆட்டுக்கறியே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. திருவிழா என்பதற்காக மேஜைக்கு ஒரே ஒரு ஸ்பூன் அக்கா அனுமதித்திருந்தார்.

காவ்யஸ்ரீயின் ஜப்பான் மேஜையில் கடற்பாசி சுற்றிய சோறு. ரவிசங்கர் தாய்லாந்துப் பட்டுப்புழு வறுவல் பாக்கெட்டைப் பிரித்து வைத்திருந்தான். செக்ரட்டரி குடும்பம் பரம்பரையாகப் பட்டு நெய்தது. எங்க தாத்தா நூலை எடுத்துக்கொண்டார், நான் புழுவை எடுத்துக்கொள்கிறேன் என்று கூட்டத்தைச் சிரிக்கவைத்து ஒன்றை வாயில் போட்டார். அதை உள்ளே தள்ள அரை பாட்டில் தண்ணீர் ஆனது.

பிறகு எங்கள் மேஜை. தொப்பியும் மாஸ்க்குமாகப் பாண்டிமீனா பரிமாறினாள். துருக்கிக்குத் தலையாட்டினார். ஸ்பெயினைப் பார்சிலோனாவில் ஒரு சந்தில் சாப்பிட்டிருப்பதாகவும், அங்கே உப்பு கொஞ்சம் தூக்கல் என்றும் சொன்னார். மொரோக்கோ உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. கண்ணை மூடினார். மூடியபடியே தட்டின் ஓரத்தில் ஸ்பூனால் இரண்டு முறை தட்டினார்.

அது பாண்டிமீனாவின் வாடிக்கைக்காரர்களுக்கு மட்டுமே உள்ள பழக்கம். இரண்டு முறை தட்டினால் இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தம். அவள் கை தானாகக் கரண்டிக்குப் போனது. வாயும் கூடவே திறந்துகொண்டது.

“நேத்து இருமுனீகளேன்னு இன்னைக்கு மிளகு கம்மியாத்தாண்ணே போட்டிருக்கேன்.”

செக்ரட்டரி கண்ணைத் திறந்து மாஸ்க்கைப் பார்த்தார். கனகலட்சுமி அக்கா அவரைப் பார்த்தார். பிறகு அவர்கள் வீட்டுச் சௌராஷ்டிரப் பேச்சில் நாலு வார்த்தை சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது, ஆனால் நன்றாகவே புரிந்தது. தினமும் ஏழு மணிக்கு அக்கா சீரியலில் உட்கார்ந்ததும் மனிதர் வாக்கிங் கிளம்பிவிடுவார். அந்த வாக்கிங் வேப்பமரம் வரைக்கும்தான் போயிருக்கிறது.

கூட்டத்தில் அவர் தீர்மானத்தைப் படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் எதற்கு இதை எழுதினீர்கள் என்று நானே எழுந்து கேட்டேன்.

“வண்டி அங்கன நின்னா என்னால வாயைக் கட்ட முடியலம்மா,” என்றார்.

எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அப்போதே இறங்கிவிட்டது. பாவமாகக்கூட இருந்தது. மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

கனகலட்சுமி அக்கா எழுந்தார். “வண்டி இங்கனயே நிக்கட்டும். அங்கிட்டுப் போனா இவரு தேடிப் போயித் திம்பாரு. இங்கன நின்னா பால்கனியில இருந்து எனக்குத் தெரியும். சீரியல மறுநாள் போன்ல பாத்துக்கிறேன்.”

முப்பத்திரண்டு வீடும் அக்கா பக்கம் கை தூக்கியது. கடைசிக் கை செக்ரட்டரியுடையது. பாண்டிமீனா கையுறையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், அந்த மிளகுப் பேச்சு வாய் தவறித்தான் வந்ததா என்று அவளிடம் கேட்டேன்.

“பதினோரு வருசத்துல யாரு என்ன தின்னாகன்னு நான் வெளிய சொன்னதே இல்லக்கா,” என்றாள். மேற்கொண்டு கேட்டதற்குப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் ஏழு மணிக்குப் பால்கனியில் ஆள் நின்றது. அது செக்ரட்டரி. கீழே வேப்பமரத்தடியில் கனகலட்சுமி அக்கா ஒரு தட்டுச் சுவரொட்டி வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். பிறகு அண்ணாந்து கணவரைப் பார்த்துக்கொண்டே, தட்டின் ஓரத்தில் இரண்டு முறை தட்டினார்.