ஹலூமாவுக்கு ஒரு ஃபாத்திஹா

அந்தப் புதன்கிழமை மதியம் ஒரான் நகரத் துறைமுகத் தெருவின் நாடக அரங்கில் இருந்தவர்கள்: இருபது வருடம் பாரிஸில் தஞ்சமிருந்துவிட்டுப் பாராட்டு வாங்கிக்கொள்ள வந்திருந்த நாவலாசிரியரும் நாடகக்காரருமான பெனாவுதா, அவருடைய நாடகத்தைத் தடைசெய்த அதே அலுவலகத்திலிருந்து இப்போது பூங்கொத்தோடு வந்திருந்த அதிகாரி, மூன்று மாதம் முன்பு தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்த அரங்க நிர்வாகி ஜெல்லூல், கேமராவோடு ஒரு பிரெஞ்சுக்காரி, வாசல் காவலாளி மிலூத், கேக் கிடைக்கும் என்று வந்த நூற்றிருபது பேர். கீழே உடை அறையில், செத்துப்போன ஹலூமா.

செத்துப்போனவள் அப்போது பர்னூஸின் விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பெரிய மனிதர்களுக்கு மேடையில் போர்த்தும் வெள்ளைக் கம்பளி அங்கி. ஆளைவிட அங்கி நீளம் என்று மேலேயிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவள் செத்தது உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றைந்தில். பேருந்தில் குண்டு வெடித்து இறந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கும் அவளுக்கும் ஒரே பெயர். பத்திரிகையின் இரங்கல் பக்கத்தில் வந்த நாலு வரியைப் பெனாவுதா பாரிஸில் காபி குடித்துக்கொண்டே படித்தார். அவர் நாடகத்தின் கதாநாயகி ஹலூமா; செத்தது அவள்தான் என்று நினைத்தார். ஒரு நாவல் எழுதினார். அதில் இந்த அரங்கின் படிக்கட்டில் அவள் சுடப்பட்டு விழுகிறாள். அவர் மடியில் கிடத்திக் கண்களை மூடுகிறார். பதினோரு மொழிகளில் வந்தது. மூன்று பரிசு.

அவளும் அப்போது வாய் திறக்கவில்லை. நடிகர்களைச் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் செத்தவளைத் தேடி வரமாட்டார்கள். ஊரில் சண்டை ஓய்ந்தபின், கணவன் பெயரோடு இதே அரங்கில் துணி தைக்கச் சேர்ந்தாள். மக்கா இருக்கும் திசைக்குக்கூடப் பயணம் போகாதவளை எல்லோரும் ஹாஜ்ஜா என்றார்கள். மிலூத் ஒருவனுக்குத்தான் அவள் யாரென்று தெரியும். இரண்டாயிரத்து ஒன்றில் பெனாவுதாவுக்கு, உயிரோடு இருக்கிறேன் என்று கடிதம் எழுதினாள். பதிலாக ஒரு பார்சல் வந்தது. இரண்டு வாசனைச் சோப்பு, ஒரு தலைத்துணி. கடிதமில்லை, அனுப்பியவர் பெயரில்லை. சுங்கச் சீட்டை நிரப்பியிருந்த கை மட்டும் அவருடையது.

மிலூத் நிகழ்ச்சி நிரலோடு இறங்கி வந்தான்.

"ஹாஜ்ஜா, மூணாவது நிகழ்ச்சி நீதான்."

"நானா?"

"'மறைந்த நடிகை ஹலூமாவுக்கு ஃபாத்திஹா.' எல்லாரும் கையை ஏந்தி ஓதப் போறாங்க. கேக்கு காத்திருக்கு, அதனால வேகமா ஓதிடுவாங்க. கவலப்படாத."

"யாரு போடச் சொன்னது?"

"வேற யாரு? உன்னை மடியில போட்டுக் கண்ணை மூடினவருதான்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கத்தூர் பேரு இருக்கா, பாரு."

கத்தூர் அவர்கள் குழுவின் விளக்குக்காரன். அந்தப் படிக்கட்டில் உண்மையாகவே சுடப்பட்டுச் செத்தவன் அவன்தான்.

மிலூத் தாளை இரண்டு பக்கமும் புரட்டினான். "இல்ல."

மேலே அதிகாரியின் பேச்சு தொடங்கியிருந்தது. எப்படியும் அரைமணி நேரம் ஓடும். அந்த இடைவெளியில் அங்கியைப் போட்டுப் பார்க்கப் பெனாவுதா வந்தார். மிலூத் நழுவினான்.

பேயைக் கண்டவர் போல அவர் பதறவில்லை. பின்னால் யாராவது வருகிறார்களா என்று முதலில் திரும்பிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். அதுவே அவளுக்குப் போதும்.

"ஹலூ..."

"சோப்பு நல்லா நுரைச்சுது. நன்றி சொல்லலாம்னா பார்சல்ல பேருதான் இல்ல."

"நான் நெஜமாவே அழுதேன். மூணு நாள் சாப்பிடல."

"புத்தகம் எழுத எத்தனை நாளாச்சு?"

"ஒன்பது மாசம்."

"பிள்ளை பெத்த கணக்குதான். ஸ்டூல்ல ஏறு."

ஏறினார். அவள் அங்கியைப் போர்த்தி, விளிம்பில் ஊசி குத்த ஆரம்பித்தாள்.

"என் கண்ணை மூடினப்ப நீ எந்த ஊருல இருந்தே?"

"அது நாவல்."

"ரேடியோவுல அதையே சொன்னியே, அதுவும் நாவலா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. அந்தப் பிரெஞ்சுப் பொண்ணு படிக்கட்டைப் படம் பிடிக்கப் போறா. நீ மேல வந்து நின்னா என் பேரு மட்டுமா போகும்? இந்த ஊருல செத்தவங்க எல்லாருமே பொய்யின்னு சொல்லுவாங்க."

"அப்ப கத்தூர் பேரைப் போட்டிருக்கலாமே. அவன் நெஜமாவே செத்தான். அவன் அம்மா படிக்கட்டைக் கழுவினா. நான் தண்ணி ஊத்தினேன்."

"கத்தூர்..." அவர் யோசித்தார். ஞாபகம் வரவே சற்று நேரம் பிடித்தது. "அவன் கதைக்குள்ள வரல, ஹலூ."

அவள் ஊசியை நிறுத்தினாள்.

"ஒரு மணி நேரம்," என்றார் அவர். "சத்தம் போடாம இங்கயே இரு. அப்புறம் உனக்கு நான் பாத்துச் செய்யறேன். வேணும்னா அடுத்த புத்தகத்துல..."

"எழுப்பிடுவியா என்னை?"

அவர் நிலைக்கண்ணாடிப் பக்கம் திரும்பினார். வெள்ளை அங்கி அவருக்குப் பொருந்தித்தான் இருந்தது. இந்த நிலையிலும் மோவாயைக் கொஞ்சம் உயர்த்திப் பக்கவாட்டில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தார்.

மேலே கைதட்டல் கேட்டது. அதிகாரி அதிசயமாகச் சீக்கிரம் முடித்துவிட்டார். ஒலிபெருக்கியில் ஜெல்லூல், கைகளை ஏந்துமாறு சபையைக் கேட்டுக்கொண்டான்.

"அசையாத. சுத்தி ஊசி இருக்கு," என்றாள் ஹலூமா. சட்டைக் கழுத்தில் செருகியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

"எங்க போறே?"

"கத்தூருக்கு ஓதச் சொல்லப் போறேன். எனக்கு வேணாம்னும் சொல்லணும்."

"ஹலூ!" அங்கி காலில் சுற்றியது. இறங்கினால் விழுவார், ஸ்டூலிலேயே நின்றார்.

"ஒரு மணி நேரம்தானே," என்றாள். "சத்தம் போடாம இரு."

போன வருடம் உடைகள் திருட்டுப் போனதற்குப் பிறகு போட்ட இரும்புக் கதவு அது. வெளியே வந்து இழுத்துச் சாத்தினாள். சாவியை இரண்டு முறை திருப்பினாள்.