பெட்டி மேல் வைத்த தட்டு

மான்செஸ்டரிலிருந்து அப்பாவின் சவப்பெட்டியோடு ஊருக்கு வந்து இறங்கியதிலிருந்து உகோன்னாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. அங்கே கிடங்கில் இரவு வேலை. பகலெல்லாம் தூக்கம். அந்த மந்தம் இங்கேயும் கூடவே வந்திருந்தது.

பங்காளிகள் இரண்டு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மேலவீட்டார் மாமரத்தடியில், கீழவீட்டார் தகரக் கொட்டகையில். நடுவே பெட்டி. சடங்குக்கான கசப்புக் கொட்டை, கோலா கொட்டைத் தட்டு உகோன்னாவின் கையில். எல்லாரும் ஒரே தட்டிலிருந்து பிட்டுத் தின்ற பிறகுதான் பங்காளிகள் குழி வெட்டுவார்கள்.

தட்டு முதலில் யாரிடம் போவது? இதே கேள்வியில்தான் மான்செஸ்டரில் ஊர்ச் சங்கம் இரண்டானது. இரண்டாக்கியவர் பெட்டிக்குள் இருந்தார்.

"மேலவீடுதான் மூத்தது. இங்க கொண்டாடா," என்றார் அன்யேக்பு பெரியப்பா.

"உங்கப்பன் பொறக்கறப்ப எங்கப்பனுக்குப் பல்லு முளைச்சாச்சு," என்றார் கீழவீட்டு ஒக்வுவோசா.

"அந்தப் பல்லாலதான எங்க பங்கையும் சேத்துத் தின்னான்."

உகோன்னாவுக்கு நிற்கச் சலிப்பாக இருந்தது. "வீட்டுக்கு ஒண்ணா ரெண்டு தட்டு வச்சிடலாமா பெரியப்பா? அங்க அப்படித்தான் வைக்கிறோம்."



"ரெண்டு தட்டு வச்சா ரெண்டு குலம்," என்றார் அன்யேக்பு. "உங்கப்பன் அப்ப எந்தக் குலத்துப் பொணம்?"

"அங்க அவ்வளவு நல்லா வாழறீங்க. செத்தா மட்டும் எதுக்கு இங்க தூக்கிட்டு வர்றீங்க?" என்றார் ஒக்வுவோசா. இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

இரண்டு கூட்டமும் கிளம்ப எழுந்து வேட்டியை உதறின.

அப்பா மண்ணுக்குப் போகாமல் கிடப்பார். இன்று, நாளை, எத்தனை நாளோ. உகோன்னா தட்டைப் பெட்டி மேல் வைத்துவிட்டு, சுவரோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்து, வீட்டுப் பக்கவாட்டில் குறித்திருந்த இடத்தில் குழி வெட்டத் தொடங்கினான்.

"டேய், பெத்தவன் குழிய மகன் வெட்டக் கூடாதுடா," என்றார் அன்யேக்பு.

அவன் வெட்டினான். செம்மண் இறுகியிருந்தது. கோபத்தில் செய்யவில்லை, கிடங்கில் பெட்டி அடுக்குவதைப் போலத்தான் செய்தான்.

"பக்கத்து ஊர்க்காரன் பாத்தா நாம எல்லாரும் செத்துட்டோம்னு நெனப்பான்," என்று ஒக்வுவோசா முனகினார். கீழவீட்டு ஆள் ஒருவன் வந்து மண்வெட்டியைப் பிடுங்கி வெட்டலானான். கீழவீட்டானை மட்டும் வெட்ட விட மேலவீட்டாருக்கு மனசில்லை. கடப்பாரையோடு இருவர் இறங்கினார்கள். குழி இறங்கிக்கொண்டே போனது.

ஆள் ஆழம் வந்ததும் அன்யேக்பு பெட்டியருகே வந்தார். தட்டைப் பார்த்தார்.

"பாத்தியா. செத்தும் தட்டை முதல்ல வாங்கிட்டான்."

"உயிரோட இருந்தப்பவே அவனுக்கு விட்டுக் குடுத்திருக்கலாம்," என்றார் ஒக்வுவோசா.

அன்யேக்பு அங்கேயே நின்று வேண்டிக்கொண்டு கொட்டையைப் பிட்டார். மண் அப்பிய கைகள் ஒவ்வொன்றாக நீண்டன. உகோன்னாவும் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றான். கசப்பு தெரியவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. அது மட்டும் எரிந்தது.