மச்சான் பெயரில் ஒரு ஆபரேஷன்

நவம்பர் பிறந்துவிட்டால் சர்க்கரை ஆலை வாசலில் விடியும்போதே வரிசை நிற்கும். கரும்பு வெட்டப் போகிறவன் எவனாக இருந்தாலும் முதலில் ஒரு டப்பாவில் மூத்திரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். பிறகு கையில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். சிறுநீரகம் கெட்டவனுக்கு ஆலையில் இடமில்லை. அது யார் வயலில், எத்தனை வருஷம் வெயிலில் காய்ந்து கெட்டது என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. "அடுத்த ஆள்" என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்.

அந்த வருஷம் வரிசையில் நின்றவன் ஹசிந்தோ. சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறவன். அவன் கரும்பு வெட்டப் போவதில்லை. போகப் போகிறவன் அவன் தங்கை தொமாசாவின் புருஷன் எவெலியோ. முந்தின வருஷம் இதே வாசலில் ரத்தத்தில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லி எவெலியோவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால் ஹசிந்தோ ரத்தம் கொடுப்பது, எவெலியோ அரிவாள் பிடிப்பது என்று ஏற்பாடு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் இது பாதி வீடுகளில் நடப்பதுதான். ஆள் பிடிக்கும் மேஸ்திரிக்கும் தெரியும். அவருக்கு வேண்டியது தலைக்கணக்கு, தலை யாருடையதாக இருந்தால் என்ன?

மாமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எவெலியோவிடம் ஹசிந்தோ ஆலையில் கொடுத்த அடையாள அட்டையை நீட்டினான்.

"பாஸாயிட்டேன் மாப்ள. இனிமே நீதான் ஹசிந்தோ. யாராச்சும் கூப்ட்டா திரும்பிப் பாரு, மரம் மாதிரி நிக்காத."

"படத்துல உன் மூஞ்சி இருக்கே, மச்சான்?"

"தீ வச்ச கரும்ப வெட்டிக் கரி பூசின மூஞ்சியில எவன்டா மூக்கு எது, முழி எதுன்னு பாக்கப் போறான்? எனக்கும் மீசை, உனக்கும் மீசை. போ போ."

பிப்ரவரியில் வயல் நடுவே எவெலியோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இடது பக்கம் சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் ஒரு கல் அடைத்திருந்தது. ஆலை வண்டியில் தூக்கிப்போட்டு ஆலை அட்டைக்காரர்களுக்கான இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் அவன் ஹசிந்தோதான். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஊசி போட்டார்கள். போட்ட நிமிஷமே தொண்டை அடைத்தது, முகம் பூசணிக்காயாக வீங்கியது. ஓடிவந்து காப்பாற்றினார்கள். நாலு நாள் கழித்து வேறு ஊசி போட்டு, வெட்டாமல் கீறாமல் மூத்திர வழியாகவே உள்ளே போய்க் கல்லை எடுத்தார்கள். புண் ஆறும்வரை வழி அடைக்காமல் இருக்கட்டும் என்று உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயும் வைத்தார்கள்.

"ஆறு வாரத்துல வாங்க, குழாயை எடுத்துரணும்" என்று டாக்டர் கதவில் கை வைத்தபடியே சொல்லிவிட்டுப் போனார். எழுதியும் கொடுத்தார். எழுத்து தெரியாதவனிடம் காகிதத்தைக் கொடுத்தால் அவன் அதை மடித்து வைப்பான். எவெலியோ மடித்து வைத்தான்.

ஆறு வாரம் முடிவதற்குள் அட்டை கைமாறிவிட்டது. வயலில் விழுந்த கதை ஆலை ஆபீஸ் வரை போகவில்லை. ரத்தப் பரிசோதனையில் தேறினவன் என்பதால் ஆலையிலேயே ஹசிந்தோவுக்கு நிரந்தரக் காவல்காரன் வேலை கிடைத்தது. அட்டையை வாங்கிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது அவனுக்குத்தான்.

"உங்க உள்ள இருக்குற குழாயை எடுக்கணும், ஏன் வரல?"

"என் உள்ள பீன்ஸும் சோறும்தான்மா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டான். ஆனாலும் மாப்பிள்ளையிடம் சொல்லாமல் இல்லை.

"வலி இல்லையே மச்சான். அது எப்பவோ மூத்திரத்தோட போயிருக்கும்" என்றான் எவெலியோ.

குழாய் எங்கேயும் போகவில்லை. உள்ளே உப்பு படிந்து, உப்பு கல்லாகி, இரண்டரை வருஷம் வளர்ந்துகொண்டிருந்தது.

முதலில் எரிச்சல். பிறகு கால் மணிக்கொரு தரம் போக வேண்டியிருந்தது. பிறகு ரத்தம். இளநீர் குடித்தான், குதிரைவால் செடியைக் காய்ச்சிக் குடித்தான். குளிர்காய்ச்சல் வந்து பல் கிட்டிப் போனபோதுதான் தொமாசா அவனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை சொந்தப் பெயரில்.

டாக்டர் மிரேயா கொஞ்சம் வயசானவள், நேருக்கு நேர் பேசுகிறவள்.

"இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?"

"இல்ல டாக்டரம்மா."

எக்ஸ்ரே வந்தது. அதை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இடுப்பிலிருந்து கீழே ஒரு குழாய், மேல் நுனியில் ஒரு கல், கீழ் நுனியில் கோழிமுட்டை அளவில் இன்னொன்று.

"உங்கம்மா வயித்துலேர்ந்து இதோடயா பொறந்தீங்க?"

எவெலியோ கூரையைப் பார்த்தான். "கோஸ்டா ரிக்காவுல காப்பி பறிக்கப் போனப்ப வச்சாங்க."

"எந்த ஆஸ்பத்திரி? எந்த வருஷம்?"

"மறந்துபோச்சு."

"வயித்துக்குள்ள குழாய் வச்சது ஒரு மனுஷனுக்கு மறக்குமா?" அவள் அதற்கு மேல் நோண்டவில்லை. "நாளைக்குக் காலைல எட்டரைக்கு முதல் ஆபரேஷன். மூணு நாலு தடவை பண்ண வேண்டியிருக்கும். ஏற்கெனவே உங்க ரெண்டு சிறுநீரகமும் பலவீனம், தள்ளிப்போட முடியாது. இத மட்டும் சரியா சொல்லுங்க. எந்த ஊசியாவது மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

எவெலியோவுக்குப் பூசணி முகம் ஞாபகம் வராமல் இல்லை. ஆமாம் என்றால் எங்கே என்று கேட்பாள். எங்கே என்றால் எப்போது என்பாள். நூலைப் பிடித்து இழுத்தால் கடைசியில் ஆலைக் காவல்காரன் வந்து விழுவான். மச்சானுக்கு வேலை போகும், ஆள்மாறாட்டம் என்று போலீசும் வரலாம்.

"இல்ல டாக்டரம்மா. எனக்கு எல்லாம் ஒத்துக்கும்."

தொமாசா பக்கத்திலேயே நின்று கேட்டாள். வெளியே வந்ததும் பஸ் பிடித்து நேரே ஆலைக்குப் போனாள். மத்தியான வெயிலில் ஹசிந்தோ காவல் கூண்டில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்கு வா. அந்த பைலை எடுக்கணும். நீ நேர்ல அட்டையோட வந்தாத்தான் குடுப்பாங்க."

"எந்த பைலு? மெல்லப் பேசு."

"உன் பேர்ல அவர் உடம்பு கெடக்குற பைலு."

"தொமாசா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அதை எடுத்து இன்னொரு ஆஸ்பத்திரில நீட்டினா நாளைக்கே என்னை வெளிய தள்ளிருவான். என் வீட்ல ஆறு வாய் இருக்கு. அவன் வாயத் தெறந்து ஏதோ ஒண்ணச் சொல்லித் தப்பிச்சுக்கட்டும், கெட்டிக்காரன்தான."

"சொல்லிட்டாருண்ணே. எந்த ஊசியும் ஒத்துக்கும்னு சொல்லிட்டாரு. அன்னிக்கு ஊசி போட்டு மூஞ்சி வீங்கி, கண்ணு மூடி, செத்துப் பொழச்சு வந்தாரே, அதையும் மறைச்சிட்டாரு. அது என்ன ஊசின்னு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நான் போயி உண்மையச் சொன்னாலும் எந்த ஊசின்னுதான கேப்பாங்க?"

ஹசிந்தோ விசிறுவதை நிறுத்தினான்.

போன மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டு, பைலைப் பார்த்ததும் போடாமல் கீழே வைத்தாள். "ஐயையோ, இது உங்களுக்கு ஆகாதே. போன தடவை உயிரே போயிருக்குமே" என்றாள். வேறு மருந்து கொடுத்தாள், பத்து நாளில் போகவேண்டிய சளி ஒரு மாசம் இழுத்தது. ஹசிந்தோ அதைச் சாராயக் கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறான். மாப்பிள்ளைக்கு ஆகாத ஊசி, எனக்குக் கிடைக்கவில்லை என்று. சிரித்தானே தவிர, அந்தப் பெயரை அவனும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"அந்த ஊசியையே நாளைக்குப் போட்டா?" என்றான்.

"அதுக்குத்தான வந்தேன்."

அவன் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆலை வாசல் பக்கம் திரும்பினான். "உன் ஆறு வாய நீ பாத்துக்க. என் வீட்ல நாலு இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஹசிந்தோ ஏறினான். ஏழு மணிக்கு இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி ஜன்னல் திறந்தது. கேட்டது ஆகாத ஊசியின் பெயர் எழுதின ஒரே ஒரு தாள்தான். அந்தத் தாளுக்கு முத்திரை குத்த ஒரு அம்மாள், அந்த அம்மாளுக்குச் சாவி கொண்டுவர இன்னொருவர். எட்டு பத்துக்குத் தாள் கையில் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி பன்னிரண்டு தெரு தள்ளி. ஓடினான். ஆபரேஷன் அறை வாசலில் மடக்கினார்கள். "டாக்டரம்மா! டாக்டரம்மா!" என்று சந்தையில் கத்துகிற மாதிரிக் கத்தினான்.

மிரேயா முகமூடியோடு வெளியே வந்தாள். தாளை வாங்கிப் படித்தாள். பெயரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இது யார் உடம்பு?"

"பேரு என்னுது டாக்டரம்மா. உடம்பு உள்ள படுத்திருக்கு."

அவள் தாளோடு உள்ளே போனாள். தட்டில் தயாராக இருந்தது அதே ஊசிதான். எடுத்துக் குப்பையில் போடச் சொன்னாள்.

மூன்று ஆபரேஷன் ஆனது. கீழ்க் கல்லை உள்ளேயே உடைத்து எடுத்தார்கள், மேல் கல்லுக்கு முதுகு வழியாகத் துளை போட்டார்கள். குழாய் துண்டு துண்டாக வந்தது. இடது சிறுநீரகத்தில் கால்பங்குகூட மிஞ்சவில்லை. எவெலியோவால் இனி அரிவாள் பிடிக்க முடியாது. தாள் விஷயம் ஆலைக்கு எட்டி, ஹசிந்தோவின் வேலை அந்த வாரமே போய்விட்டது. ஆளை மாற்றி அனுப்பினால் கண்டுகொள்ளாத மேஸ்திரி இன்னும் அதே இடத்தில் இருக்கிறார். ஆலையும் இருக்கிறது.

எவெலியோ வீடு திரும்புவதற்கு முந்தின நாள், பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு புது ஆள் வந்தான். கை நகத்தில் கரி. நர்ஸ் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"முன்னாடி ஆபரேஷன் உண்டா?"

"இல்லம்மா."

"ஏதாவது மருந்து ஒத்துக்காதா?"

"எல்லாம் ஒத்துக்கும்."

எவெலியோ முழங்கையை ஊன்றி எழுந்தான். "யோவ், யார் பேர்ல வெட்டுற?"

அந்த ஆளுக்கு முகம் வெளுத்தது.

"பயப்படாத. ஆலைக்காரன்கிட்ட என்ன பொய் வேணும்னாலும் சொல்லு, அவன் நம்மகிட்ட சொல்லாத பொய்யா? ஆனா இந்தக் கட்டில்ல படுத்துட்டா சொந்தப் பேரச் சொல்லு, எங்க என்ன பண்ணாங்க, எந்த ஊசி ஆகல, எல்லாத்தையும் சொல்லு. வேலைக்கு ஒருத்தன் பேர வாங்கிக்கலாம்யா. வைத்தியத்துக்கு வாங்கினா சாவுறது நீ. அடுத்து, பேரு குடுத்தவன்."

நர்ஸ் எழுதியதை அடித்துவிட்டு, பேனாவோடு காத்திருந்தாள்.