ஊரைப் பார்த்து நின்ற படகு

ரோட்டர்டாமில் சுவரில் பதிக்கும் ஓடு செய்கிற பட்டறை ஒன்றில் உட்கார்ந்து முப்பத்தோரு வருஷமாக ஒரே ஆற்றை வரைந்து கோவெர்ட்டுக்கு அலுத்துப்போயிருந்தது. மாஸ் ஆறு, காற்றாலை, படகு. எல்லாம் நீலம் ஒன்றிலேயே. சூளையில் வேகும்வரை அதுவும் நீலமில்லை, அழுக்குக் கறுப்பு. ஊசித்துளை போட்ட காகிதத்தை ஓட்டின்மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் படம் புள்ளிபுள்ளியாக விழும். அதன்மேல் தூரிகையை இழுக்க வேண்டும். இழுத்த கோட்டை அழிக்க முடியாது.

அந்த வருஷம் இரண்டு முறை பிசகிவிட்டது. மூன்றாவது முறை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மகன் வயதுள்ள மேஸ்திரி வௌட்டர் சொல்லியிருந்தான். அறுபதைத் தொடும், கை நடுங்கும் ஆளை வேறு எந்தப் பட்டறை சேர்க்கும்?

மூன்றாவது, லிஸ்பெத்தின் ஓடுகளில் வந்து தொலைத்தது. அவள் கணவன் படகுக்காரன். போன இலையுதிர் காலத்துப் புயலில் போய்விட்டான். அவன் படகு துறையைவிட்டுக் கிளம்புவதுபோல, அடுப்புக்குப் பின்னால் பதிக்கப் பன்னிரண்டு ஓடுகள் கேட்டிருந்தாள். படகுக்குத் தனிக் காகிதம். கரி ஏறி ஏறி அதன் இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. அசதியில் கோவெர்ட் அதைப் புரட்டி வைத்துவிட்டார். சூளையிலிருந்து எடுத்துத் தரையில் அடுக்கியபோதுதான் தெரிந்தது, படகின் மூக்கு ஊரைப் பார்த்து நின்றது.

"கண்ண எங்கய்யா அடகு வச்ச?" என்றான் வௌட்டர். "அந்தம்மா வரட்டும், நீயே சொல்லு. சொல்லிட்டு அப்படியே கெளம்பு."

கெஞ்சக்கூட கோவெர்ட்டிடம் தெம்பில்லை. லிஸ்பெத் வந்ததும், காகிதத்தைப் புரட்டி வைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். பத்து நாளில் வேறு செய்து தருவதாக வௌட்டர் குழைந்தான்.

அவள் ஓடுகளை வெகுநேரம் பார்த்தாள்.

"வேணாம். அன்னைக்குக் காலையில அவருகூடச் சண்ட. வழியனுப்பத் தொறைக்குப் போகல. கெளம்பிப் போனத நான் பாக்கவே இல்லீங்க. வர்றதயாவது தெனமும் பாத்துக்கிறேன்."

வைக்கோல் கொண்டுவந்து ஓடுகளைச் சுற்றிக் கட்டிக்கொடுக்கும்படி வௌட்டர் கோவெர்ட்டிடம் சொன்னான். வேலை போகவில்லை என்பது அவருக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. சந்தோஷப்படத் தோன்றவில்லை. பதினொரு ஓடுகளைச் சுற்றி முடித்தார். படகு இருந்த ஓட்டை எடுத்தபோது லிஸ்பெத் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அதை மட்டும் கட்ட வேண்டாம், கையிலேயே கொண்டுபோகிறேன் என்றாள்.