பச்சை ஹெல்மெட் விழுந்த வளைவு

தபாலம்மாவுக்கு வாய் ஓயாது என்பது அவள் வேலை பார்க்கும் தபால் ஆபீஸ் முழுக்கத் தெரிந்த சங்கதி. இருபது வருஷமாகக் கவர்களின் மேல் விலாசம் படித்துப் படித்து, எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் உரக்கப் படித்துவிடுகிற வியாதி அவளுக்கு வந்துவிட்டது. கடைப் பெயர், பஸ் நம்பர், சுவரில் ஒட்டிய நோட்டீஸ், எதையும் விடமாட்டாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டு வா என்று சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவர் அவள் புருஷன், பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்.

அப்பேர்ப்பட்டவர் இந்தப் பயணத்தில் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை.

கல்யாணமான புதிதில் அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். என்றைக்காவது வெளிநாட்டில் பெரிய பைக் எடுத்து ஊர் ஊராகச் சுற்றிக்காட்டி, கடைசியில் நிஜமான பைக் ரேஸுக்கும் கூட்டிப்போவதாக. பட்டறை, பிள்ளை வளர்ப்பு என்று இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. மகள் வேலைக்குப் போன பிறகுதான் கைகூடியது. வெளிநாட்டில் ஓட்டுகிற லைசென்ஸை மகள் இரண்டு பேருக்குமே வாங்கிவைத்தாள். உங்கம்மாவுக்கு எதுக்கு என்று மெக்கானிக் சிரித்தார். அம்மாவும் தினமும் தபால் மூட்டையோடு கியர் வண்டிதானே ஓட்டுகிறாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் மகள்.

வாடகை பைக்கோடு, உள்ளேயே மைக் வைத்த ஹெல்மெட்டுகள் கொடுத்தார்கள். முன்னால் இருப்பவர் காதிலேயே நேராகப் பேசலாம். இதைக் கண்டுபிடித்தவன் மகராசனாக இருக்க வேண்டும் என்று தபாலம்மா வாழ்த்தினாள். அதைவிட ஆச்சரியம், புருஷனே கேட்டுக் கேட்டு வாங்கியதுதான். அந்த போர்டில் என்ன போட்டிருக்கிறது, முன்னால் போவது லாரியா பஸ்ஸா, சொல்லு, இன்னும் சொல்லு என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மூன்றாம் நாள் சண்டை வந்தது. மழைக்கோட்டை லாட்ஜிலேயே மறந்துவைத்தது அவள். திட்டு வாங்கியது அவர். அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல, அவள் வாயைப் பூட்டிக்கொண்டாள். வண்டி ஊர்ந்தது. சைக்கிளில் போனவர்கள்கூட அவர்களைத் தாண்டிப் போனார்கள். அரை மணி நேரத்தில் அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "தப்பு என் மேலதான். மன்னிச்சுக்க. பேசு" என்றார். அவர் வாயால் மன்னிப்பு என்று அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலமே தங்கைக்குப் போன் போட்டு இந்த அதிசயத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குக் காபி இறங்கியது.

ஐந்தாம் நாள் ரேஸ். பாதை ஒடிந்து திரும்புகிற வளைவில், கம்பிவேலிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. பைக்குகள் வந்த வேகத்தில் கம்பிவேலியே அதிர்ந்தது. மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். இவன் கியரை லேட்டாகக் குறைக்கிறான், அவன் செயின் தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்குப் பிடித்தவன் பச்சை ஹெல்மெட்காரன். ரேஸுக்கு வருவதற்கு முன்னால் அவனும் பட்டறையில் ஸ்பேனர் பிடித்தவனாம். அவன் கூட்டாளி சிவப்பு ஹெல்மெட்காரனுக்கும் அதே மாதிரி பைக்தான், சத்தமும் ஒன்றுதான். இரண்டு பேரும் முன்னே பின்னே வந்துகொண்டிருந்தார்கள்.

எட்டாவது சுற்றில் பச்சை ஹெல்மெட்காரன் விழுந்தான். அவர்களுக்கு நேர் எதிரே, முப்பதடி தூரத்தில், பைக் ஒரு பக்கம் போக, அவன் பாதையோரச் சரளைக்குள் உருண்டான். கூட்டம் மொத்தமும் அலறியது. அடி ஒன்றும் இல்லை; அவன் எழுந்து உட்கார்ந்து, கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தான். தபாலம்மா மாரைப் பிடித்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரோ விழுந்துட்டான் போல. நம்ம பச்சை தப்பிச்சான் பார்த்தியா? முன்னாடி போறான், சத்தத்தைக் கேளு."

போனது சிவப்பு. பச்சை அவருடைய கண் முன்னால், சரளையில் உட்கார்ந்திருந்தான். ஒலிபெருக்கியில் விழுந்தவன் யார் என்று சொல்லத்தான் சொன்னார்கள், ஆனால் போர்டில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்தாளே தவிர, அந்த பாஷை இவர்கள் இருவருக்கும் தெரியாது.

போர்டில் என்ன போட்டிருக்கிறது, லாரியா பஸ்ஸா, இன்னும் சொல்லு. நேற்று லாட்ஜ் வாசலில் தாங்கள் வந்த பைக்கையே அடையாளம் தெரியாமல் தாண்டி நடந்துபோனார். அப்புறம் அந்த மன்னிப்பு. ஒவ்வொன்றாக வந்து அவளைக் குத்தியது. வந்த பாதை முழுவதும் இந்த மனுஷன் அவள் வாயைப் பிடித்துக்கொண்டுதான் வண்டி ஓட்டியிருக்கிறார். அவளோ, வயதான காலத்தில் புருஷனுக்குப் பிரியம் பொங்கிவிட்டது என்று பூரித்துப்போயிருந்தாள்.

கூட்டத்தில் வைத்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. ரேஸ் முடிந்து, ஆயிரக்கணக்கான பைக்குகள் நின்ற திடலில் தங்கள் வண்டியைத் தேடிப்பிடித்த பிறகு கையை நீட்டினாள்.

"சாவியைக் கொடுங்க."

"எதுக்கு?"

"பச்சை எட்டாவது சுத்துலயே விழுந்துட்டான். நம்ம எதிர்லதான் உட்கார்ந்திருந்தான்."

மெக்கானிக் சீட்டைத் தடவினார். பிறகு எல்லாம் வந்தது. ஆறு மாதமாகவே பார்வையின் நடுவில் மூட்டம்; ஓரம் மட்டும் தெரிகிறது; இனி வண்டி ஓட்டாதே என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். பார்வை முழுக்கப் போவதற்குள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிடலாம் என்று பார்த்தார்.

"பின்னாடி இருந்தது என் உயிர் இல்லையா?" என்று கேட்டாள். "எதிர்ல வர்றவனுக்குப் பிள்ளைகுட்டி இல்லையா?"

"உன் கண்ணை நம்பித்தான் ஓட்டினேன்."

"நடுவுல நான் தூங்கியிருந்தா?"

பட்டறையில் இன்ஜினையே பிரித்துப்போட்டு மாட்டுகிற மனுஷன், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றார். கோபம் அடங்கவில்லை, பாவமாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து அவளுக்கு அழுகை வந்தது. சாவியை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

பைக் தபால் வண்டியைப் போல இரண்டு மடங்கு கனம். கிளட்சை விட்டதும் இரண்டு தடவை நின்றுபோனது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் பின்சீட்டில் ஏறிய மெக்கானிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை வண்டி கிளம்பியது.

தபாலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். திடலைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஏரிக்கரை ரோட்டில் ஏறியும் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

"ஏன் பேசாம வர்றே?" என்று காதுக்குள் கேட்டது.

"ரோட்டைப் பார்க்க வேண்டாமா? அதான் நீங்க ஓட்டலையே, இனிமே போர்டு எதுக்கு உங்களுக்கு? அன்னைக்கும் போர்டுக்காகத்தானே மன்னிப்புக் கேட்டீங்க?"

"ஆமா, அன்னைக்கு அதுக்குத்தான் கேட்டேன்."

தோளில் அவர் பிடி இறுகியது.

"இப்ப அதுக்கில்ல" என்றார் மெக்கானிக். "பேசு."

அவளுக்குக் கண் கலங்கியது. ஹெல்மெட்டுக்குள் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கண், அதனால் வேகத்தைக் குறைத்து, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் தண்ணீரை இறக்கினாள். பிறகு ஆரம்பித்தாள். வலது கைப்பக்கம் ஏரி, நடுவில் ஒரு படகு, படகில் யாரோ குடை பிடித்திருக்கிறார்கள், மழை இல்லை, எதற்கோ தெரியவில்லை. அடுத்த ஊர் பதினான்கு கிலோமீட்டர். இதோ ஒரு வளைவு வருது, தோளை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க என்றாள்.