முன் கார்புரேட்டரின் சுதி

அண்ணன் இறந்த பிறகும் அந்தக் காரின் பின் கார்புரேட்டரை மட்டும்தான் நான் தொட்டுவந்தேன். முன்னால் இருப்பது அவருடையது. யாரும் பேசிச் செய்த ஏற்பாடு இல்லை. பல வருடங்கள் முன்னே ரேடியேட்டர் பக்கம் அவரும் பின்னே ஓட்டுநர் கண்ணாடிப் பக்கம் நானுமாக நின்று பழகியதில் தானாக வந்த பாகப்பிரிவினை.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். மூடிப்போன ஓர் அச்சகத்தின் பின்கட்டில் காகிதக் கட்டுகளுக்கு அடியில் கிடந்ததை அண்ணன் கண்டுபிடித்து இழுத்து வந்தார். அடித்தகடு முழுக்கத் துரு, கால் வைத்த இடத்தில் தெரு தெரிந்தது. அப்போது அவர் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கார் சொந்தக் காலில் ஓடத் தொடங்கியபோது அவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. கரும்பச்சை வண்ணம், மரத்தில் ஸ்டீயரிங், ஓட்டுநருக்குப் பக்கத்தில் பழுப்புத் தோல் வைத்துத் தைத்த ஓர் இருக்கை.

அண்ணி அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வார். அண்ணன் எங்கே என்று யாராவது கேட்டால், "சக்களத்தி வீட்டுல" என்று ஷெட்டைக் கை காட்டுவார். ஆனால் அந்தப் பழுப்பு இருக்கை அண்ணிக்காகத் தைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். சோதித்துப் பார்க்க நானும் அண்ணனும் வண்டியை எடுக்கும்போது, அதன்மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டுத்தான் நான் உட்கார வேண்டும். "இது உங்க அண்ணியோட சீட். நீ சும்மா எடைக்கு" என்பார்.

அண்ணியை ஏற்றிக்கொண்டு நீர்த்தேக்கத்துச் சாலையில் ஒரு சுற்று. இது அண்ணன் கொடுத்த வாக்கு. அதற்கு அவரே ஒரு நிபந்தனையும் போட்டுக்கொண்டார்: அண்ணி ஏறுகிற அன்று வண்டி ஒரு தடவைகூட விக்கல் எடுக்கக் கூடாது. சனிக்கிழமை தோறும் நாங்கள் எஞ்சினைச் சரிசெய்வோம். சனிக்கிழமை தோறும் கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம்" என்பார். அந்த இன்னும் கொஞ்சம் முடிவதற்குள் அவர் முடிந்துபோனார்.

நாங்கள் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற பாத்திரம். அந்தக் காருக்கு இரண்டு. ஒன்று அதிகமாக இழுத்து மற்றது குறைவாக இழுத்தால் எஞ்சின் நொண்டும். எங்களிடம் முழ நீள ரப்பர் குழாய்கள் இரண்டு இருந்தன. ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டரின் வாயருகிலும் வைத்தால், காற்று உள்ளே போகும் உஸ்ஸ் என்ற சத்தம் கேட்கும். அதை என்னால் அவருக்கும் அவரால் எனக்கும் எப்படிச் சொல்ல முடியும்? ஓடுகிற எஞ்சினுக்கு மேல் பேச்சு எடுபடாது. அதனால், கேட்கிற சத்தம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் ஆளுக்கொரு 'ம்ம்' இழுப்போம். இரண்டு சுதியும் சேரும்வரை ஸ்க்ரூவைத் திருகுவோம். இடது பக்கம் திருகினால் காற்று குறையும், வலது பக்கம் திருகினால் கூடும்.

சேரும் என்று சொன்னேன். உண்மையில் கடைசிவரை சேராது. அண்ணனின் சுதி என்னுடையதற்கு ஓர் இழை கீழேயே நிற்கும். அவர் வீட்டில் பாட ஆரம்பித்தாலே, "ஜன்னலைச் சாத்துங்க, நாம சண்டை போடறோம்னு நினைச்சுக்கப் போறாங்க" என்று அண்ணி சொல்வதுண்டு. அந்தத் தைரியத்தில் ஒருநாள் நானும், அண்ணா சுதி இறங்குது என்று கத்தினேன். "என் சுதி எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பாரு" என்றார். ஆனாலும் வண்டி அடங்கிவிடும். எஞ்சினுக்கும் காது கேட்காது போல என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு கெட்ட பழக்கமும் அந்த எஞ்சினுக்கு உண்டு. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் நாலைந்து முறை தானாக இருமிவிட்டுத்தான் நிற்கும். போய்வருகிறேன் என்று எழுந்த விருந்தாளி வாசலில் நின்று இன்னும் கொஞ்ச நேரம் பேசுகிற மாதிரி என்று அண்ணன் சிரிப்பார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். அதிலும் அதே உஸ்ஸ். அண்ணி காலடியில் உட்கார்ந்திருந்தார். நான் தலைமாட்டில் நின்றிருந்தேன். என்னையறியாமல் அந்தச் சத்தத்துக்குச் சுதி இழுத்துவிட்டேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் போர்வைமேல் கிடந்த வலது கை எழுந்தது. இரண்டு விரல்கள் காற்றில் எதையோ பிடித்து, இடது பக்கமாக ஒரு மயிரிழை திருகின. ஊசிக் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று எண்ணிய நர்ஸ் அந்தக் கையை இறக்கி வைத்தார். அது மறுபடி எழவில்லை.

அதன் பிறகு ஒருமுறை ஷெட்டுக்குப் போய், எஞ்சினை ஓடவிட்டு, முன் கார்புரேட்டரில் குழாயை வைத்துப் பார்த்தேன். மாஸ்க்கின் சத்தம் கேட்டது. குழாயை ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணிக்கு வேறு சத்தம் கேட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் ஷெட்டுக்குள் யாரோ 'ம்ம்' என்று இழுப்பதாக என்னிடம் சொன்னார், மகளிடமும் சொன்னார். அவள் வந்து பார்த்துவிட்டு, ஆணியில் தொங்கும் குழாய்களின் வாயில் காற்று புகுந்து வரும் சத்தம் அது என்றாள். நானும் ஆமாம் என்றேன். ஆனாலும் அம்மா இனித் தனியாக இருக்க வேண்டாம் என்று முடிவு செய்து தன் ஊருக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தாள். வீட்டைக் காலி செய்வது என்றால் காரும் போக வேண்டும். பழைய வண்டிகள்மேல் பைத்தியமான ஒரு பல் டாக்டர் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஞாயிறு காலையில் அவர் வருவார், அன்று மதியம் அண்ணி புறப்படுவார்.

ஆகவே சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். எப்படி ஓடினாலும் பரவாயில்லை, ஒரு சுற்று போய் வந்துவிடலாம் என்று அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"விக்கல் எடுக்கற வண்டியில நான் ஏற மாட்டேன் தம்பி. அவர் சொன்ன சொல்லு அப்படி இல்ல" என்றார்.

அன்று காலை மீட்டரை வரவழைத்தேன். மீட்டர் அண்ணனின் நண்பர், மெக்கானிக். காய்ச்சலைக்கூடக் கையால் தொட்டுப் பார்த்து நம்பாதவர் என்பதால் அந்தப் பெயர். காற்றை அளக்கும் கருவியைக் கொண்டுவந்து, இரண்டு கார்புரேட்டர்களின் வாயிலும் மாறி மாறி வைத்து, முள் ஒரே கோட்டில் நிற்கும்வரை திருகினார். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. முன்னால் காதை வைக்க வேண்டியதில்லை.

முள் இரண்டிலும் ஒரே கோட்டில் நின்றது. வண்டி உதறியது. பக்கக் கண்ணாடியில் என் முகம் இரண்டாகத் தெரிந்தது.

"ரெண்டும் சமம்னா ஏன் குளிர்ஜுரம் வந்த மாதிரி ஆடுது?" ஷெட் வாசலில் நின்றபடி அண்ணி கேட்டார்.

மீட்டர் பிரஷ்ஷால் எண்ணெய் தொட்டு, முன் கார்புரேட்டரின் பக்கவாட்டில், உள்தகடு திரும்புகிற அச்சின்மேல் தடவினார். அந்த நொடியில் எஞ்சின் சத்தம் மாறியது. எண்ணெய் வழிந்ததும் பழையபடி உதறியது.

"அச்சு தேஞ்சு போச்சு. அது வழியா திருட்டுக் காத்து போகுது. நான் வாசல்ல நின்னு ஆளை எண்றேன், கொல்லைப்பக்கமா போறவன் எப்படிக் கணக்குல வருவான்?" என்றார். புதிய அச்சு வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதமாவது ஆகுமாம். டாக்டர் மாற்றிக்கொள்வார், நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள் என்று சமாதானம் சொல்லிவிட்டுக் கருவியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி போகவில்லை. அண்ணன் இறந்த பிறகு முதல்முறையாக ஷெட்டுக்குள் வந்தார். ஆணியிலிருந்து இரண்டு குழாய்களையும் எடுத்தார்.

"இந்தத் தேஞ்ச அச்சோடதானே உங்க அண்ணன் ஓட்டினார்?"

ஆமாம் என்றேன். எப்படி என்று கேட்டார். பிறகு அண்ணியே சொன்னார்.

"மாடி ஜன்னல்லேருந்து எத்தனை வருஷமா கேட்டிருக்கேன். நீங்க ஒண்ணு இழுப்பீங்க, அவர் ஒட்டாம ஒண்ணு இழுப்பார். அப்புறம் வண்டி அடங்கிடும். அவர் பக்கம் நான் நிக்கறேன்."

"முன்னாடி காதை வைக்க என்னால முடியல அண்ணி."

"அதனாலதான் நான் வைக்கறேங்கறேன்."

எஞ்சினை ஓடவிட்டேன். அண்ணி ரேடியேட்டர் பக்கம் குனிந்து குழாயைக் காதில் வைத்துக்கொண்டார். நான் என் இடத்தில் குனிந்து, கண்ணை மூடி, பின் கார்புரேட்டரின் சுதியை இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் முன்பக்கத்திலிருந்தும் ஒரு சுதி வந்து என்னுடையதோடு சரியாகப் பொருந்தியது. மீட்டர் சமமாக வைத்திருந்தார் அல்லவா, பொருந்தத்தான் வேண்டும். அப்படியே நின்றது. வண்டி உதறிக்கொண்டிருந்தது.

அப்போது போர்வைமேல் எழுந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. இடது பக்கம், ஒரு மயிரிழை.

கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, முன் ஸ்க்ரூவில் ஸ்க்ரூ டிரைவரைப் பொருத்தி இடது பக்கம் திருகினேன். முன்பக்கச் சுதி இறங்கியது. என் சுதியை விட்டு விலகியது. இன்னும் ஒரு பொட்டு திருகினேன். இன்னும் இறங்கி, அண்ணன் நிற்கும் அந்த ஒட்டாத இடத்துக்கு வந்தது. என் விரல் தானாக நின்றது. காலடியில் தரை அதிர்வது அடங்கியது. கண்ணைத் திறந்தபோது பக்கக் கண்ணாடியில் ஒரே ஒரு முகம் இருந்தது.

கொல்லைப்பக்கமாகப் போகிறவனுக்கும் சேர்த்து, வாசலில் அண்ணன் அந்த அளவைக் குறைத்து வைத்திருக்கிறார். அவருக்குச் சுதி சேராது என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

போர்வையை எடுத்துவிட்டு அண்ணியை ஏறச் சொன்னேன். தோல் இருக்கையில் இதுவரை யாரும் நேராக உட்கார்ந்ததில்லை. அது புதுச் செருப்பு மாதிரி முனகியது. தெரு முனை தாண்டும்வரை அவர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். நீர்த்தேக்கத்துச் சாலையில் ஏறி மூன்றாவது கியர் போட்டதும் எஞ்சின் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முழுக்குரலில் எழுந்தது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நீண்ட கல் சுவர். சுவரில் எங்கள் சத்தம் மோதித் திரும்பி, பின்னால் இன்னொரு கார் வருவது போலத் தொடர்ந்தது. வளைவில் நான் வேகத்தைக் குறைக்கப் போக, அண்ணி வேண்டாம் என்று கை ஆட்டினார். வண்டி சாலையைக் கையால் தடவிக்கொண்டு போவது போல வளைந்தது. அவர் முடி அவிழ்ந்து பறந்தது. கட்டவில்லை.

"இதுக்காகவா மனுஷன் பொழுதன்னைக்கும் ஷெட்டுலயே கிடந்தார்?" என்றார். அடுத்த வளைவு முடிந்ததும், "கிடக்கலாம்தான்" என்றார்.

கரையின் உச்சியில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. அது பூனை மாதிரி சீராக ஓடிக்கொண்டிருந்தது. மனம் லேசாகிப் போய், நல்லாச் சுதி பிடிச்சீங்க அண்ணி, அப்படியே அண்ணன் மாதிரி என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நான் எங்க பிடிச்சேன்?"

அவரே தொடர்ந்தார்.

"குழாயை வெச்சதும் எனக்கும் அந்த மாஸ்க் சத்தம்தான் கேட்டுது. வாயைத் திறந்தா அழுதுடுவேன்னு பல்லைக் கடிச்சிட்டு நின்னேன். நீங்கதான் ரெண்டையும் இழுக்கறீங்கன்னு நினைச்சேன்."

"ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு சுதி எப்படி அண்ணி?"

"அதைத்தான் நானும் நினைச்சிட்டே வந்தேன்."

தண்ணீர்மேல் வெயில் கிடந்தது. இருவரும் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். எஞ்சின் சத்தத்துக்கு அடியில் வேறொன்று கேட்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போகலாம் என்றார் அண்ணி.

ஷெட்டில் வண்டியை நிறுத்தியபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி இறங்கி முன்னால் வந்து பானெட்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"விக்கல் எடுக்கலைங்க. ஒரு தடவைகூட விக்கல" என்றார். "சரியாயிடுச்சு. போதும். போயிட்டு வா..." என்றவர் அங்கேயே நிறுத்தினார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது எவரையும் அவர் வெறுமனே 'போங்க' என்று அனுப்பியதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "போங்க" என்றார்.

என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது. ஒருமுறைகூட இருமவில்லை. வாசலில் நின்று பேச அதற்கு ஒன்றும் மிச்சமில்லை போலிருந்தது. இரும்பு ஆறும்வரை அண்ணி கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை பல் டாக்டர் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஒரு குழந்தையைப் போலச் சிரித்தார். அவரிடம் நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: அச்சு மாற்றுகிறவரை முன் கார்புரேட்டரைக் கொஞ்சம் கீழேயே விட்டுவையுங்கள், கருவியை வைத்துச் சமமாக்கிவிடாதீர்கள். எவ்வளவு கீழே என்று கேட்டார். அளவு எதுவும் என்னிடம் இல்லை. அதனால் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தச் சுதியை அவருக்கு இழுத்துக் காட்டினேன்.

வீட்டுக்குள் பெட்டி தடாலென்று கீழே விழுந்தது. அண்ணி ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலுக்கு ஓடி வந்தார். நேற்று அனுப்பிவைத்தவரின் குரலைத் தேடுகிறவர் போல ஷெட்டுக்குள் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.